அலங்காரமும் போதுமென்ற நிலையும்: எளியோர் கைந்நகம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

பல்கலைக்கழகப் பெண்கள் விடுதிகளிலே கலைவிழாவுக்கு முந்திய இரவிற் காணக்கூடிய காட்சி ஒன்றுண்டு. ஒரு கட்டிலைச் சுற்றி மாணவியர் நால்வர் அமர்ந்திருப்பர். நடுவே நகப்பூச்சுப் போத்தல்கள் மூன்று. சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, அடியில் உறையத் தொடங்கிவிட்ட நீலம் ஒன்று. பழைய கொப்பி அட்டையின் மேல் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு துளி விடப்பட்டிருக்கும். பக்கத்திலே ஓர் ஈர்க்குத் துண்டு, ஒரு கொண்டையூசி, சிறிது ஒட்டுநாடா, பாத்திரம் கழுவும் பஞ்சிலிருந்து வெட்டியெடுத்த ஒரு மூலை. அழகு நிலையத்துக்குக் கொடுக்கும் பணம் அவர்களிடம் இல்லை. இருந்தாலும் அப்பணத்துக்கு வேறு வேலைகள் உண்டு. அவ்வழியாற் செல்லும் இன்னொருத்தி வாசலில் நின்று, "சாப்பாட்டுக்கே கணக்குப் பார்க்கிற வீட்டுப் பிள்ளையளுக்கு உது தேவையோ?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

கேட்டவள் விடையை எதிர்பார்த்தவளல்லள். ஆயினும் அச்சிறு கேள்வியுள் அறவியலின் பெருங்கேள்வி ஒன்று அடங்கியிருக்கின்றது. வறியவர் ஒருவர் தம் சிறு பொருளையும் நேரத்தையும் அலங்காரத்திற் செலவிடுதல் தகுமா? உணவு, உடை, கல்வி, மருந்து ஆகியன நிறைவுறாத ஒரு வாழ்விலே அழகுக்கு இடமுண்டா, அன்றித் தன் முறை வரும்வரை அது காத்திருக்க வேண்டுமா? செல்வரின் அலங்காரத்தைக் கண்டு 'தேவையோ' என வினவுவார் அரியர். அங்கே விமரிசிக்கப்படுவது சுவை மட்டுமே. வறியவரின் அலங்காரமோ தன் இருப்புக்கே நியாயங் கூறவேண்டிய நிலையிலுள்ளது. இளைஞனொருவன் தன் பழைய மோட்டார் சைக்கிளை ஞாயிறு முழுவதும் துடைத்து மெருகேற்றுவானாயின் அது பொறுப்புணர்ச்சி எனப்படும். அவன் தங்கை அரைமணி நேரம் நகத்துக்கு நிறமிடுவாளாயின் அது வீண் எனப்படும். இவ்வேறுபாடுகளே இவ்விடயத்தை ஆராயத்தக்கதாக்குகின்றன.

முதலில் இக்கைவேலை எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். இலங்கையிற் பொதுவழக்கில் 'கியூட்டெக்ஸ்' என்று வழங்கப்படும் நகப்பூச்சு, எதைல் அசற்றேற்று, பியூற்றைல் அசற்றேற்று போன்ற கரைப்பான்களிற் கரைந்த நைத்திரோசெலுலோசும் நிறமிகளும் சேர்ந்த கலவையாகும். கரைப்பான் ஆவியாகிச் செல்ல, நிறமேறிய மென்படலம் நகத்தின் மேல் எஞ்சுகின்றது. தடித்த ஒரு பூச்சிலும் மெல்லிய இரு பூச்சுகளே நிலைக்கும். முதலாவது காயுமுன் இரண்டாவதை இட்டால் இரண்டுங் கெடும். கொண்டையூசியின் உருண்டை முனையைத் தோய்த்து ஒரு புள்ளியும், அதனைச் சூழ ஐந்து புள்ளிகளும் இட்டால் ஒரு பூ ஆகும். ஈர்க்கின் நுனியால் அப்புள்ளிகளை உள்நோக்கி இழுத்தால் இதழ் கூர்மை பெறும். ஒட்டுநாடாவைச் சாய்வாக ஒட்டி, மேலே பூசி, ஈரம் முற்றாகக் காயுமுன் உரித்தால் நேர்கோடு விழும். இரு நிறங்களைப் பஞ்சின் மூலையில் அருகருகே தடவி நகத்தில் ஒற்றினால் அந்திவானம் போல ஒன்று மற்றதனுட் கரையும். இளஞ்சிவப்பு வேண்டுமாயின் அதற்குத் தனிப்போத்தல் தேவையில்லை. சிவப்பும் வெள்ளையும் அட்டையின் மேற் கலந்துகொள்ளும். சுருங்கக் கூறின், இல்லாமையே இங்கு ஆசிரியராக நின்று கற்பிக்கின்றது.

இதனை மேனாட்டு மோகம் என ஒதுக்கிவிடுதலும் பொருந்தாது. போத்தலிலுள்ள பூச்சு புதியதாயினும் நகத்துக்கு நிறமூட்டும் வழக்கம் மிகத் தொன்மையானது. மருதோன்றி இலையை அரைத்து இரவிலே விரல்நுனிகளில் அப்பித் துணியாற் சுற்றிக்கொண்டு உறங்கும் வழக்கத்தை ஈழத்துத் தமிழரும் முஸ்லிம்களும் நன்கறிவர். அவ்விலையிலுள்ள லோசோன் எனும் சாயப்பொருள் நகத்தின் புரதத்தோடு பிணைவதனாலேயே நிறம் நிலைக்கின்றது. கொரிய நாட்டுப் பெண்கள் காசித்தும்பைப் பூவைப் படிகாரத்தோடு சேர்த்து அரைத்து நகத்திற் கட்டுவர். அந்நிறம் முதற் பனிப்பொழிவு வரை அழியாதிருப்பின் முதற் காதல் கைகூடும் என்பது அவர்தம் நம்பிக்கை. வாத்ஸ்யாயனரின் காமசூத்திரம் கூறும் அறுபத்துநான்கு கலைகளுள் உடலுக்கு வண்ணமூட்டுதலும் ஒன்று. வேலியோரத்துச் செடியும் முற்றத்துப் பூவும் விலையின்றிக் கிடைத்தவை. ஆகவே குறைந்த செலவில் வீட்டிலேயே செய்துகொள்ளும் நக அலங்காரம் எளியோரின் பழைய கலையொன்றின் இன்றைய வடிவமேயாகும்.

இனி, அலங்காரத்துக்கு எதிராக மெய்யியலாளரும் சமூகவியலாளரும் எழுப்பிய குற்றச்சாட்டுகளுள் மூன்றை நோக்கலாம். முதலாவது பொய்மை பற்றியது. பிளேற்றோவின் 'கோர்கியாஸ்' என்னும் உரையாடலிலே சோக்கிரதீசு, ஒப்பனையை முகத்துதி வகையுட் சேர்க்கின்றார். உடற்பயிற்சியால் உண்டாக வேண்டிய சொந்த அழகின் இடத்தை, நிறத்தாலும் மெருகாலும் உடையாலும் வரும் இரவல் அழகு கவர்ந்துகொள்கின்றது என்பது அவர் வாதம். இரண்டாவது தற்பெருமை பற்றியது. 1899இல் வெளிவந்த 'ஓய்வு வகுப்பாரின் கோட்பாடு' என்னும் நூலிலே தோர்ஸ்ரைன் வெப்லன், செல்வர் தம் ஆடையணிகளாற் காட்டுவது தாம் உழைக்கவேண்டிய அவசியமற்றவர் என்பதையே என்றார். சீனத்துச் சிங் வமிசப் பேரரசி சிக்சி தன் நீண்ட நகங்களுக்கு உறையணிந்து தோன்றும் புகைப்படங்கள் இக்கருத்துக்குத் தக்க சான்றாகும். அந்நகங்களோடு எவராலும் நீர் இறைக்க இயலாது. மூன்றாவது விரயம் பற்றியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவிலே கட்டடக் கலைஞர் அடோல்ப் லூஸ், 'அலங்காரமும் குற்றமும்' என்னும் கட்டுரையில், அலங்காரம் என்பது உழைப்பையும் பொருளையும் வீணாக்குதல் என வன்மையாகக் கண்டித்தார்.

இம்மூன்றும் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. ஆயினும் விடுதிக் கட்டிலைச் சுற்றியிருந்த நால்வர்க்கு அவை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது. பிளேற்றோ கூறும் ஏமாற்று அங்கு இல்லை. நீல நிற நகம் இயற்கையில் எவர்க்கும் இல்லையாதலின், அதனைக் காண்போர் எவரும் ஏமாறுவதற்கில்லை. தான் அலங்காரம் என்பதை அது தானே அறிவித்துக்கொள்கின்றது. வெப்லன் கூறும் உழையாமையின் பறைசாற்றலும் அங்கு இல்லை. மறுநாட் காலை அதே விரல்கள் உடுப்புத் தோய்க்கும், தேங்காய் துருவும், விரிவுரைக் குறிப்பெழுதும். நகத்தின் விளிம்பிலே நிறம் உரிந்துபோவதே அக்கை உழைத்ததற்குச் சாட்சியாகும். மலையகத்திலே பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி, சாற்றின் கறை படிந்த விரல்களைக்கொண்ட பெண்ணொருத்தி தீபாவளிக்கு முதனாள் அவ்விரல்களுக்கே நிறமிடுவாளாயின், அவள் தான் உழையாதவள் என்று காட்டிக்கொள்ளவில்லை. தன் கை கொழுந்து பறிப்பதற்கு மட்டும் படைக்கப்பட்டதன்று என்றே கூறுகின்றாள். இவ்விரு கூற்றுகளுக்குமிடையே உள்ள தூரம் மிகப் பெரிது.

லூஸின் வாதத்துக்கு அவர் கட்டுரையிலேயே மறுப்பு உள்ளது என்பது வியப்புக்குரியது. அவர் ஒரு செருப்புத் தொழிலாளியைப் பற்றி அங்குக் கூறுகின்றார். ஒரு சோடி சப்பாத்துக்கு முப்பது குரோணர் கேட்பவனுக்கு நாற்பது தருவதாகச் சொன்னால் அவன் மகிழ்ச்சியின் உச்சிக்கே ஏறுவான்; ஆனால் அதிலே வழக்கமான சிறு துளைகளும் வளைவுகளும் இருத்தலாகாது, வெறுமையாக இருக்கவேண்டும் என்று நிபந்தனையிட்டால், வேலை குறைந்தும் கூலி கூடியும் அவன் மகிழ்ச்சி அழிந்துபோகும். அவனது அம்மகிழ்ச்சியைப் பறிக்கத் தமக்கு உரிமையில்லை என லூஸ் ஒப்புக்கொள்கின்றார். அலங்காரத்தின் தீவிரப் பகைவரே, உழைப்பவனின் கையிலிருந்து பிறக்கும் அலங்காரத்தின் முன்னே தயங்கி நிற்கின்றார். அவ்வாறாயின் விரயம் என்னும் குற்றம், பிறர் உழைப்பை விலைக்கு வாங்கித் தன்மேற் சூடிக்கொள்வோர்க்கே முதற்கண் உரியது. தன் கையாலே தன் கையை அலங்கரிப்பவள் எவர் உழைப்பை வீணாக்கினாள்? மனிதன் விலங்கினின்றும் வேறுபட்டு, அழகின் விதிகளுக்கேற்பவும் பொருள்களை ஆக்குகின்றான் என்று கார்ல் மார்க்ஸ் தம் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளிற் குறிப்பிட்டதும் இங்கு நினைவுகூரத்தக்கது. முதலில் வயிறு, பின்னரே அழகு எனப் படிநிலை வகுத்து வறியவரைக் காத்திருக்கச் சொல்லுதல், அவர் மனிதராதலையும் ஒத்திவைப்பதாகவே முடியும்.

எனினும் 'தேவை' என்னும் சொல்லை நாட்டின் பொருளாதாரத்தோடு சேர்த்து நோக்கும்போது வினா மேலும் கூர்மையடைகின்றது. 2022இல் இலங்கை வரலாறு காணாத அந்நியச் செலாவணி நெருக்கடிக்கு உட்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலிலே வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துதல் இடைநிறுத்தப்பட்டது; ஓகஸ்ட் மாதத்தில் ஏறத்தாழ 300 வகை நுகர்வுப் பொருள்களின் இறக்குமதி தற்காலிகமாகத் தடைசெய்யப்பட்டது. சொக்கலேற்று, வாசனைத் திரவியம், ஒப்பனைப் பொருள்கள் முதலியன அவற்றுள் அடங்கின. பின்னர் அக்கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன. 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட காலத்திலும் கடுமையான இறக்குமதிக் கட்டுப்பாடுகளை இந்நாட்டு மக்கள் அனுபவித்திருந்தனர். மருந்துக்கும் எரிபொருளுக்கும் பணமில்லாத வேளையில் ஓர் அரசு இவ்வாறு முன்னுரிமை வகுத்தலைக் குறைகூற இயலாது. நோயாளியின் மருந்தா, நகத்தின் நிறமா என்ற தெரிவு உண்மையாகவே எழுமிடத்து விடை ஒன்றே.

ஆனால் அங்கிருந்து ஒரு தவறான முடிவுக்குத் தாவிவிடுதல் எளிது. 'இதற்கு இப்போது டொலர் கொடுக்க நாட்டினால் இயலாது' என்பது ஒரு கூற்று. 'இது மனித வாழ்வுக்கு வேண்டாதது' என்பது முற்றிலும் வேறொரு கூற்று. முன்னது கணக்கு, பின்னது தீர்ப்பு. சுங்கப் பட்டியலொன்று முன்னதைக் கூறலாம். பின்னதைக் கூறும் அதிகாரம் அதற்கு இல்லை. பட்டியலில் இல்லாத மருதோன்றிச் செடி வேலியோரத்தில் நின்றுகொண்டே இருந்தது. கடையில் விலையேறிய பொருளின் கடைசித் துளியையும் ஈர்க்கு நுனியாற் சுரண்டியெடுத்துப் பத்து நகங்களுக்குப் பதிலாக இரண்டு நகங்களுக்குப் பூவிடலாம். பொருளின் வரவு நின்றபோதும் அலங்கரிக்கும் விருப்பம் நிற்பதில்லை என்பதே, அது பண்டத்தினின்றும் பிறந்ததன்று என்பதைக் காட்டுகின்றது.

அவ்விருப்பம் எங்கிருந்து பிறக்கின்றது? இமானுவேல் கான்ற் 1790இல் வெளியிட்ட 'தீர்ப்பாற்றல் பற்றிய விமரிசனம்' என்னும் நூலிலே இதற்கு ஒரு குறிப்பு உண்டு. பாழ்ந்தீவிலே தனித்து விடப்பட்ட மனிதன் தனக்காக மட்டும் தன்னையோ தன் குடிசையையோ அலங்கரிக்க மாட்டான். சமூகத்தின் நடுவே வாழும்போதே அவ்வெண்ணம் தோன்றும் என்கிறார் அவர். இதனைப் பிறர் மெச்சவேண்டும் என்ற ஆசையாக மட்டும் விளங்கிக்கொள்வோர் உளர். ஆனால் வீட்டிலே நகத்துக்கு நிறமிட்ட எவரும் அறிந்த சிறு உண்மையொன்று வேறு பொருளைத் தருகின்றது. வலக்கையால் இடக்கையை அழகாகத் தீட்டிவிடலாம். பின்னர் தூரிகை இடக்கைக்கு மாறுகின்றது, கை நடுங்குகின்றது, கோடு வளைகின்றது, நிறம் தோலில் வழிகின்றது. அப்போது அருகிலிருப்பவளிடம் வலக்கையை நீட்டத்தான் வேண்டும். தானே செய்துகொள்ளுதல் எனப்படும் இக்கலை உண்மையிற் பாதிதான் தானே செய்யக்கூடியது. மறுபாதிக்கு இன்னொருவரின் பொறுமை வேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி குனிந்திருக்க, மற்றவள் மூச்சை அடக்கி அசையாதிருக்கும் அந்தச் சில நிமிடங்களுக்குக் கூலி இல்லை. இன்று பிடித்த கை நாளை பிடிக்கப்படும், அவ்வளவே.

இதனை வாணிபத்தோடு ஒப்பிட்டு நோக்கினால் வேறுபாடு விளங்கும். 2015இல் நியூயோர்க் நகரத்து நக அலங்கார நிலையங்கள் பற்றிய பத்திரிகை விசாரணையொன்று, அங்குப் பணிபுரிந்த குடியேறிய பெண்கள் பலர் மிகக் குறைந்த கூலிக்கு வேலைவாங்கப்பட்டதையும், இரசாயன ஆவிகளைச் சுவாசித்து நோயுற்றதையும் வெளிக்கொணர்ந்தது. அங்கும் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்திருக்கின்றது. ஆனால் பிடிக்கும் கை என்றும் பிடிக்கும் கையே, நீட்டும் கை என்றும் நீட்டும் கையே. மலிவு என்பது எப்போதும் அறமன்று. யாருடைய செலவில் மலிவு என்று கேட்டாக வேண்டும். ஈர்க்கும் கொண்டையூசியும் தரும் மலிவிலே பிறர் இழப்பு மிகக் குறைவு என்பதே அதன் சிறப்பாகும்.

ஆயினும் வீட்டுக் கலைக்கும் எல்லைகள் உண்டு. சந்தையிற் கிடைக்கும் 'கறுப்பு மருதோன்றி'யிலே கலக்கப்படும் தலைமயிர்ச் சாய இரசாயனம் தோலைக் கொப்புளிக்கச் செய்யவல்லது; சிக்கனத்தின் பெயரால் உடலைப் பணயம் வைத்தல் சிக்கனமாகாது. நோயாளரைத் தொட்டுப் பணிபுரிவோர் செயற்கை நகங்களைத் தவிர்க்கவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வழிகாட்டலிற் கூறியுள்ளது. அங்கே பிறர் உயிர் முன்னிற்கின்றது. தொழுகைக்கு முன் நகத்தில் நீர் படவேண்டும் என்பதனால் முஸ்லிம் பெண்கள் பலர் படலமாகப் படியும் பூச்சைத் தவிர்த்து, நீரைத் தடுக்காத மருதோன்றியையே நாடுவர். இவை யாவும் அலங்காரத்தை மறுப்பன அல்ல. அதனைவிட மேலான ஒன்றுக்கு அது வழிவிடவேண்டிய இடங்களைக் காட்டுவன. இவற்றினும் நுண்ணியது மற்றோர் ஆபத்து. எளிய முறையில் எவரும் செய்யலாம் என்று ஆனவுடன் எவரும் செய்தேயாகவேண்டும் என்ற கட்டாயமும் மெல்ல நுழைந்துவிடும். வெறும் நகத்தோடு விழாவுக்கு வந்தவள் கையை மறைத்துக்கொள்ள நேருமாயின், அந்த அறையில் நடந்தது கலையன்று, வரி வசூலிப்பே.

அவ்வாறாயின் நல்ல அலங்காரத்தையும் தீய அலங்காரத்தையும் பிரித்தறிய உரைகல் யாது? 1877இற் கொழும்பிலே பிறந்து உலகப் புகழ்பெற்ற கலையறிஞர் ஆனந்த குமாரசுவாமி 1939இல் எழுதிய 'அலங்காரம்' பற்றிய கட்டுரை இங்குத் துணைபுரிகின்றது. இன்று மேலதிகமானது, ஒட்டவைத்தது என்ற பொருளில் வழங்கும் சொற்கள் பல ஆதியிலே அப்பொருளைத் தந்தவை அல்ல என்று அவர் காட்டினார். வடமொழியில் 'அலம்' என்பது 'போதும்' எனப் பொருள்படும். எனவே அலங்காரம் என்பது போதியதாக ஆக்குதல், குறையை நிறைத்தல். ஒப்பனையைக் குறிக்கும் ஐரோப்பியச் சொற்களின் மூலமான 'கொஸ்மொஸ்' என்னும் கிரேக்கச் சொல்லும் ஒழுங்கையே குறித்தது. தமிழிலும் 'அணி' என்பது நகையை மட்டுமன்றி ஒழுங்கான வரிசையையுங் குறித்தல் காணலாம். இவ்வழியே நோக்கினால் உரைகல் தெளிவாகின்றது: ஓர் அலங்காரம் அதனைப் பூண்டவரிடம் 'போதும்' என்று சொல்கின்றதா, 'போதாது' என்று சொல்கின்றதா?

சந்தை விற்கும் அலங்காரம் 'போதாது' என்றே சொல்லும். அவ்வாறு சொல்லாவிடின் அடுத்த போத்தல் விலைப்படாது. பேரரசியின் நகவுறையும் 'நீ என்னளவு உயரவில்லை' என்று காண்போரிடம் அதையே சொன்னது. மூன்று போத்தல்களையும் ஓர் ஈர்க்கையும் வைத்துக்கொண்டு, உள்ளதைக் கலந்து இல்லாததை உண்டாக்கியவள் அடைவதோ வேறு. அவளுடைய வறுமை அதனால் நீங்கிவிடவில்லை. நீங்கியதாக அவள் எண்ணவுமில்லை. வறுமையை அழகாகக் காட்டி அதனை ஏற்கச் செய்தல் அறமாகாது. கூலி கேட்டுப் போராடவேண்டிய கை பூவரைந்ததனால் அமைதியடைந்துவிடவும் கூடாது. ஆயினும் தன் கை தனக்கு அழகியது என்று அறிந்தவள், அக்கைக்கு உரிய விலையைக் கேட்கப் பிறரினும் அதிகம் துணிவாள் என்று எதிர்பார்ப்பதில் தவறில்லை.

கைந்நகம் மாதமொன்றுக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் வளர்கின்றது. ஆறு மாதங்களுள் முழு நகமும் புதிதாகிவிடுகின்றது. அதன்மேல் இட்ட பூ அதற்கு நெடுநாள் முன்னரே உரிந்துவிடும். அழியும் என்பதறிந்தே இடப்படும் கோலத்தைப் போல, இதுவும் சேமிக்கவோ விற்கவோ முடியாத செல்வம். ஈழத்துப் பேச்சு வழக்கிலே 'போதும்' என்பதற்குக் 'காணும்' என்றே சொல்வர். விடுதி அறையில் நீலம் தீர்ந்துவிட்டது. இரண்டு விரல்களிற் பூவும் மற்றையவற்றில் ஒற்றைப் புள்ளியுமாக வேலை முடிகின்றது. பிடித்திருந்த கையை விளக்கொளியில் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, "காணும்" என்கிறாள் தோழி. வாசலிற் கேட்கப்பட்ட 'தேவையோ' என்னும் வினாவுக்கு அதனினும் பொருத்தமான விடை இல்லை.